கண் கூச்சத்துக்கு போலரைஸ்டு லென்ஸ்: என் அனுபவம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதியம் பைக் ஓட்டினால் எனக்குக் கண் கூசி நீர் வழியும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடிக்கு அது அடங்கவில்லை. தார்ச்சாலையிலும் முன்னால் போகும் கார்களிலும் பட்டுத் தெறிக்கும் ஒளிதான் காரணம். அதைத் தடுப்பது போலரைஸ்டு லென்ஸ்.

கடையிலேயே சோதித்துவிடலாம். லென்ஸ் வழியாக செல்போன் திரையைப் பார்த்தபடி கண்ணாடியை மெல்லத் திருப்பினேன். ஒரு கோணத்தில் திரை இருண்டது. சரி, போலரைஸ்டுதான். ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்குமா என்பது இதில் தெரியாது. அதற்கு 'யுவி 400' குறிப்பு வேண்டும், அதாவது 400 நானோமீட்டர் அலைநீளம் வரையான கதிர்களுக்குத் தடுப்பு. அது இல்லாத கறுப்பு லென்ஸ் உண்மையில் ஆபத்து: இருட்டுக்குக் கண்மணி விரியும், கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

நிறம் சாம்பல் எடுத்தேன், சிக்னல் நிறங்கள் அதிகம் மாறாது. லென்ஸின் இருட்டு அளவில் 3ஆம் வகை. 8 முதல் 18 சதவீத ஒளியை விடும். அதைவிட இருண்ட 4ஆம் வகை வண்டி ஓட்ட ஆகாது. அப்புறம், காற்று புகாதபடி பக்கவாட்டில் வளைந்த பிரேம்.

இப்போது கண்ணில் நீர் வழிவதில்லை. ஒரே தொல்லை, செல்போனில் மேப் பார்க்கும்போது சில கோணங்களில் திரை கறுத்துவிடுகிறது. ஓரமாக நிறுத்திக் கண்ணாடியைத் தூக்கித்தான் பார்க்கிறேன்.