துருக்கிய வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருக்கிக்குப் போகும் நம்மவர்களின் முதல் தவறு தலையாட்டலில் தொடங்குகிறது. 'சரி' என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோமே, அதை அங்கே 'புரியவில்லை' என்று எடுத்துக்கொள்வார்கள். சொன்னதையே பொறுமையாக மறுபடி சொல்வார்கள். நாமும் மறுபடி ஆட்டுவோம். மேலும் கீழுமாக அசையுங்கள், போதும். அவர்களுடைய 'இல்லை'யும் வேறு மாதிரி. புருவத்தை உயர்த்தி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, நாக்கால் 'ச்சு' என்பார்கள். நமக்கு அது சலித்துக்கொள்வது போலத் தெரியும். கடைக்காரர் அப்படிச் செய்தால் முகம் சுளிக்காதீர்கள். பொருள் இல்லை என்கிறார், அவ்வளவுதான்.

வாசலில் காலணியைக் கழற்றுவது நமக்குப் பழகியதுதான். ஆனால் உள்ளே வெறுங்காலோடு நடக்காதீர்கள். 'தெர்லிக்' என்ற வீட்டுச் செருப்பை எடுத்து வைப்பார்கள். வெறுந்தரையின் குளிர்ச்சி உடம்புக்கு ஆகாது என்பது அங்கே பாட்டிகளின் உறுதியான நம்பிக்கை. வேண்டாம் என்றால் பதறிப்போவார்கள்.

அப்புறம் தேநீர். அதிகம் பேர் திணறும் இடம் இதுதான். அடுப்பில் இரண்டு அடுக்குக் கெட்டில் இருக்கும். மேலே கெட்டிச் சாயம், கீழே கொதிநீர். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி டம்ளரில் முதலில் சாயம், பிறகு வெந்நீர். டம்ளருக்குப் பிடி கிடையாது, விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். பால் கேட்காதீர்கள், சர்க்கரைக் கட்டி தட்டிலேயே இருக்கும். டம்ளர் காலியானால் கேட்காமலே நிரப்புவார்கள். உபசரிப்பவர் மனம் நோகுமே என்று நாம் ஏழெட்டு டம்ளர் குடித்துத் தவிப்போம். அது தேவையே இல்லை. கரண்டியை டம்ளரின் வாய்மேல் குறுக்கே வைத்துவிடுங்கள். 'போதும்' என்று புரிந்துகொள்வார்கள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த பழக்கம் இது.

காபி விஷயத்தில் அவசரம் ஆகாது. சர்க்கரையைக் காய்ச்சும்போதே போட்டுவிடுவதால் எவ்வளவு என்று முன்பே கேட்பார்கள்: சர்க்கரை இல்லையென்றால் 'சாதே', நடுத்தரமென்றால் 'ஓர்த்தா'. வந்ததும் கலக்காதீர்கள். தூள் அடியில் படியட்டும். அந்த மண்டியை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் குடியுங்கள். 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த காபி இது. ஒரு கோப்பை காபியின் நன்றி நாற்பது ஆண்டு நிற்கும் என்று அவர்களிடம் பழமொழியே உண்டு. அவசர வேலை இருக்கிறதென்று பாதியில் எழுந்து ஓடுவது அதனால்தான் அழகல்ல.

ரொட்டியைக் கீழே சிந்தவோ மிதிக்கவோ கூடாது. கீழே விழுந்த துண்டை எடுத்து உதட்டிலும் நெற்றியிலும் ஒற்றி, கால்படாத உயரத்தில் வைக்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். சாப்பிட்டு முடித்ததும் சமைத்தவரிடம் 'எலினிஸெ சாலிக்' என்று சொல்லாமல் எழாதீர்கள். உங்கள் கைகளுக்கு நலம் உண்டாகட்டும் என்று பொருள். வெறும் நன்றியைவிட இது அவர்கள் முகத்தை மலரச் செய்யும்.

பெருநாள் அன்று வயதில் மூத்தவர் கையை நீட்டினால் குலுக்கிவிடாதீர்கள். முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வதே வழக்கம்.

நவம்பர் 10 அன்று அங்கே இருந்தால் காலை 9:05க்குச் சைரன் ஒலிக்கும். துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாத்துர்க் 1938இல் மறைந்த நேரம் அது. நடப்பவர்கள் அப்படியே நிற்பார்கள், கார்களை நிறுத்தி இறங்குவார்கள். நீங்களும் நில்லுங்கள். செல்போனை எடுத்துப் படம்பிடித்துக்கொண்டு திரியாதீர்கள்.

விடைபெற்று வண்டி கிளம்பும்போது, வீட்டு அம்மா பின்னாலேயே ஒரு செம்புத் தண்ணீரைச் சாலையில் ஊற்றினால் ஏதோ சிந்திவிட்டது என்று இறங்கிப் போய் உதவாதீர்கள். தண்ணீரைப் போலத் தடையில்லாமல் போய், தண்ணீரைப் போலவே திரும்பி வாருங்கள் என்று உங்களை வழியனுப்புகிறார்.