வருடக்கணக்கில் நின்ற 1965 செவர்லே இம்பாலா காரை எழுப்பும் முறை

283 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் கொண்ட வண்டி என்றால், எடுத்ததும் சாவியைத் திருப்பாதீர்கள். பிஸ்டன் ரிங் துருவேறி ஒட்டியிருந்தால் உடைந்துவிடும். எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு தேக்கரண்டி ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு இன்ஜினைக் கையால் சுற்றிப் பாருங்கள். பல 283-களில் கிராங்க் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) முனையில் ஸ்பேனர் போட்டுச் சுற்ற போல்ட்டே இருக்காது. பிளைவீல் (இன்ஜினின் பின்புறப் பல்சக்கரம்) பற்களில்தான் மெல்ல நெம்ப வேண்டும்.

ஃபில்டரோடு ஐந்து குவார்ட் ஆயில் பிடிக்கும், கிட்டத்தட்ட 4.7 லிட்டர். துத்தநாகச் சேர்மம் உள்ளதாக வாங்குங்கள், இல்லையேல் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) தேயும். ஃபில்டர் கேனிஸ்டர் வகை, அதாவது உலோகக் குடுவைக்குள் இருக்கும். பழைய ரப்பர் வளையம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; தெரியாமல் அதன்மேல் புதியதைப் போட்டால் ஆயில் பீய்ச்சியடிக்கும். ஊசியால் தோண்டி எடுத்துவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன், டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) உள்ளே சுழலும் ரோட்டர் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அதைக் கழற்றி, ஆயில் பம்ப் தண்டை டிரில்லால் வலஞ்சுழியாகச் சுற்றி, மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள்வரை ஆயில் ஏற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது ஃபயரிங் வரிசை (சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை) 1-8-4-3-6-5-7-2.

கெட்ட பெட்ரோலை வடித்துவிடுங்கள். பிரேக்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பெடல் மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒற்றை அறைதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போச்சு. மூன்று ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிய பிறகே தெருவுக்கு எடுங்கள்.