டோசிங் பம்ப் ஓடியும் ஹைப்போ இறங்கவில்லையா?

குடிநீர் நிலையங்களில் சோடியம் ஹைப்போகுளோரைட் (ஹைப்போ எனும் குளோரின் கிருமிநாசினித் திரவம்) செலுத்தும் டயாபிரம் (முன்னும் பின்னும் அசையும் வளையும் தகடு) வகை டோசிங் பம்ப் டக் டக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் நீரிலோ குளோரின் இருக்காது. உடனே ஸ்ட்ரோக் (டயாபிரம் ஒருமுறை நகரும் தூரம்) குமிழைத் திருகிக் கூட்டுவது பலரின் வழக்கம். அடைப்பு தானாக விலகினால் அதுவே அளவுக்கு மீறிய குளோரினாக முடியும் என்பதால், பம்ப் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பதை முதலில் அளக்க வேண்டும். சக்‌ஷன் பக்கத்து (பம்ப் திரவத்தை இழுக்கும் பக்கம்) அளவுக் குழாயை நிரப்பி, தொட்டி வால்வை மூடி, ஒரு நிமிடம் ஓட்டுங்கள். 100 மி.லி. இறங்கினால் மணிக்கு 6 லிட்டர்.

ஒன்றுமே இறங்காவிட்டால் பெரும்பாலும் ஏர் லாக்தான், அதாவது வாயு அடைத்துக்கொள்வது. ஹைப்போ தானாகவே சிதைந்து ஆக்சிஜனை வெளிவிடும். வெயிலில் இருக்கும் தொட்டியில் இது இன்னும் அதிகம். அந்த வாயு பம்ப் ஹெட்டில் (டயாபிரம் திரவத்தைத் தள்ளும் பகுதி) சேர்ந்துவிட்டால், டயாபிரம் அதையே அழுத்தி அழுத்தி விடுமே தவிர, டெலிவரி (திரவம் வெளியேறும் பக்க) வால்வைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் எழாது. வாயுவை வெளியேற்றும் வென்ட் வால்வைத் திறந்து, குமிழி இல்லாமல் திரவம் வரும்வரை ஓட்டிவிட்டு மூடுங்கள். மறுநாளும் இதே தொல்லை என்றால் பம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. தொட்டியைப் பம்பைவிட உயரத்தில் வைத்து, சக்‌ஷன் குழாயை வளைவும் மேடும் இல்லாமல் குட்டையாக்க வேண்டும். அளவைக் குறைக்கும்போதும் ஸ்ட்ரோக் நீளத்தை விட்டுவிட்டு வேகத்தைக் குறையுங்கள், ஏனெனில் குட்டை ஸ்ட்ரோக்கால் வாயுவை வெளியே தள்ள முடியாது.

வாயு இல்லாமலே அளவு குறைந்தால் திரவம் திரும்பி வராமல் தடுக்கும் பந்து வால்வுகளைப் பாருங்கள். கடின நீர் கலந்து நீர்க்கச் செய்த ஹைப்போவில் உண்டாகும் வெள்ளைப் படிவு, பந்து உட்காரும் விளிம்பில் மணல்போல் ஒட்டியிருக்கும்; விரல் நகத்தால் தடவினாலே தெரியும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, மின்சாரத்தை நிறுத்தி, குழாய் அழுத்தத்தை இறக்கிய பிறகே கழற்ற வேண்டும். படிவைக் கரைக்க நீர்த்த அமிலம் உதவும். ஆனால் ஹைப்போ மிச்சம் இருக்கும்போது அமிலம் பட்டால் நச்சான குளோரின் வாயு கிளம்பும் என்பதால், அமிலம் ஊற்றும் முன் நல்ல தண்ணீரில் பலமுறை அலசியாக வேண்டும். திரும்பப் பூட்டுகையில் அம்புக்குறி திரவம் போகும் திசையில் இருக்கட்டும்.

பம்ப் நின்ற பிறகும் தொட்டி மட்டம் இறங்கினால் அது சைஃபன், அதாவது திரவம் குழாய் வழியே தானாகவே இழுபட்டு ஓடுவது. டெலிவரியில், குறிப்பிட்ட அழுத்தம் வந்தால்தான் திறக்கும் பேக் பிரஷர் வால்வு பொருத்த வேண்டும். ஹெட்டுக்குப் பின்னுள்ள கசிவுத் துளையில் சொட்டு தெரிந்தால் டயாபிரம் கிழிந்துவிட்டது, உடனே நிறுத்தி மாற்றுங்கள்.