இரவில் பாஸ் மீனுக்கு விளக்கு வைக்கும் முறை

வெளிச்சத்தைக் கண்டதும், சிறுமீன்களை வேட்டையாடும் நன்னீர் மீனான பாஸ் பாய்ந்து வந்து இரையைக் கவ்விவிடும் என்று நம்பி நீரில் விளக்கை இறக்குபவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு கரையேறுகிறார்கள். ஒளியை நாடி முதலில் வருபவை கண்ணுக்கு எளிதில் தென்படாத நுண்ணிய மிதவையுயிரிகள். அவற்றைத் தின்ன ஷாட் போன்ற சிறுமீன்கள் கூட்டமாக வந்து விளக்கைச் சுற்றுகின்றன. அந்தக் கூட்டத்தைத் தேடித்தான் பாஸ் வருகிறது. வந்தாலும் நடு வெளிச்சத்தில் அது நிற்பது குறைவு. ஒளி மங்கி இருள் தொடங்கும் விளிம்பிலோ, சிறுமீன்களுக்குக் கீழே உள்ள அரையிருளிலோ பதுங்கி நிற்கும். விளக்கை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது, இரையை எந்தப் பக்கம் வீசுவது என்பவற்றையெல்லாம் இந்த வருகையின் வரிசையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

விளக்கு நெடுந்தொலைவிலிருந்து மீனை இழுத்து வருவதில்லை. அருகில் ஏற்கெனவே உலவுகின்றவற்றை ஓரிடத்தில் சேர்க்க மட்டுமே உதவும். ஆகவே பகலிலேயே நீர்நிலையைச் சுற்றிப் பார்த்து, மேட்டுத்தரை பள்ளத்தில் இறங்கும் சரிவு, பாலத்தூண், படகுத்துறை, மூழ்கிய மரம் என்று பாஸ் தங்கக்கூடிய இடமொன்றைக் குறித்துக்கொள்வது நல்லது. அமாவாசையை ஒட்டிய இரவுகளில் விளக்கின் ஈர்ப்பு கூடுதலாக இருக்கும். முழு நிலவு காய்கையில் நீர்ப்பரப்பு எங்கும் வெளிச்சம் பரவிவிடுவதால் சிறுமீன்கள் ஓரிடத்தில் திரள்வது குறைகிறது.

நிறத்தைப் பற்றிய வாதம் தூண்டில்காரர்களிடையே ஓய்வதேயில்லை. தெளிந்த நீரில் நீல ஒளி மிக ஆழம் வரை செல்கிறது. பாசி படிந்த அல்லது கலங்கிய நீரில் பச்சை ஒளியே கூடுதல் தொலைவு எட்டுகிறது. சிவப்பு சில மீட்டருக்குள்ளேயே பெரிதும் உறிஞ்சப்பட்டுவிடும். பெரும்பாலான ஏரிகளும் நீர்த்தேக்கங்களும் ஓரளவு கலங்கியவையே என்பதால், ஒரே ஒரு விளக்கு வாங்குபவர் பச்சையை வாங்கலாம். பாஸ் வகைகளில் ஒன்றான பெருவாய் பாஸின் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் இரண்டு வகைப்படும். ஒன்று பச்சையையும் மற்றொன்று சிவப்பையும் சிறப்பாக உணர்கின்றன. எனவே, சிவப்புத் தலைவிளக்கு மீனுக்குத் தெரியவே தெரியாது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அது நம்முடைய கண் இருளுக்குப் பழகிய நிலையைக் காக்கிறது, அவ்வளவுதான். அதையும் நீரின் மேல் அலையவிடாமல் மடியை நோக்கித் தாழ்த்தியே வைக்க வேண்டும்.

நீருக்குள் இறக்கும் 12 வோல்ட் எல்.ஈ.டி விளக்கே கையாள எளிது. 24 வாட் விளக்கு 2 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். 20 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலத்தைப் பாதி வரை மட்டும் பயன்படுத்தினால் 5 மணி நேரம் எரியும். நீர்தான் இத்தகைய விளக்கைக் குளிர்விக்கிறது என்பதால், வெளியே வைத்து எரியவிட்டுப் பார்ப்பது அதைக் கெடுத்துவிடலாம். நீருக்கு மேலே தொங்கவிடும் விளக்கும் பயன்படும்; அதில் விழும் பூச்சிகளும் சிறுமீன்களுக்கு இரையாகும். ஆனால் அவற்றில் பாதி நம் சட்டைக்குள்ளும் வந்து சேரும்.

இருட்டத் தொடங்கும்போதே விளக்கை ஏற்றிவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை கை வைக்காமல் விடுங்கள். இடையில் அணைப்பதும் ஏற்றுவதும் கூடாது. மீனின் விழித்திரை வெளிச்சத்துக்கும் இருளுக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள நேரம் பிடிக்கும். திடீர் மாற்றம் அதை மிரட்டிவிடும்.

சிறுமீன்கள் திரண்டு சுற்றத் தொடங்கிய பிறகு, ஒளிவட்டத்தைத் தாண்டி இருளுக்குள் செயற்கை இரையை வீசி, விளிம்பை உரசியபடி மெதுவாக இழுத்து வாருங்கள். இருளில் பாஸ், உடலின் இருபுறமும் ஓடும் உணர்வுறுப்பான விலாக்கோட்டின் வழியே நீரதிர்வை உணர்ந்து இரையைத் தேடுவதால், அகன்ற தகடு சுழலும் கரிய நிற இரை அங்கே நன்றாக வேலை செய்யும். வெளிச்சத்தை ஒட்டிய பகுதியிலோ, அங்கு சுற்றும் சிறுமீன்களின் அளவை ஒத்த வெள்ளை அல்லது வெள்ளி நிற இரை பொருந்தும். கூட்டம் திடீரென்று சிதறினால் கீழே வேட்டை நடக்கிறது என்று பொருள். ஜிக் எனப்படும், எடை கட்டிய தூண்டில் முள்ளை அந்தக் கூட்டத்தின் ஊடே நேராக மூழ்கவிட வேண்டிய தருணம் அதுவே. சிக்கிய மீனை வெளிச்சத்துக்குள் கொண்டுவராமல் இருண்ட பக்கமாக இழுத்தால், திரண்ட கூட்டம் கலையாமல் இருக்க வாய்ப்புண்டு.

படகில் பொருத்தும் புற ஊதா விளக்கின் வேலை வேறு. அதன் ஒளியில், ஒளிரும் வகைத் தூண்டில் நரம்பு நீலமாக மின்னுவதால், இரை மூழ்கும்போது ஏற்படும் மெல்லிய துடிப்பையும் தூண்டில்காரரால் கண்ணால் பிடித்துவிட முடியும். மீனை ஈர்ப்பதற்காக அதை யாரும் வாங்க வேண்டியதில்லை.

சில நீர்நிலைகளில் விளக்கு வைத்து மீன் பிடிப்பதற்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. புறப்படுமுன் அங்குள்ள விதியைக் கேட்டறிவது கட்டாயம். படகுகளின் இடப்புறம் சிவப்பும் வலப்புறம் பச்சையும் வழிகாட்டும் விளக்குகளாக எரிவதால், உங்கள் பச்சை விளக்கு நீர்மட்டத்துக்கு மேலே பக்கவாட்டில் ஒளி வீசாதபடி பார்த்துக்கொண்டு, நங்கூரமிட்ட படகில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கை எரியவிடுங்கள். மிதவை அங்கியைக் கழற்றாதீர்கள். திரும்பும்போது, மீன்பிடி விளக்கை அணைத்த உடனே படகைக் கிளப்பாமல், கண் மீண்டும் இருளுக்குப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடம் வரை பொறுத்திருங்கள். நரம்பைச் சுற்றவும் பெட்டியை அடுக்கவும் அந்த நேரம் சரியாக இருக்கும்.