சரிந்து கிடக்கும் டேட்டிங் நிறுவனப் பங்கை எடைபோடுவது எப்படி

2021 பிப்ரவரியில் பம்பிள் என்ற டேட்டிங் செயலி நிறுவனத்தின் பங்கு 43 டாலர் விலையில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கு வந்தது. முதல் நாள் வர்த்தகம் முடியும்போது 70 டாலரை எட்டியிருந்தது. மூன்றரை ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், அந்த ஆண்டுக்கான வருமான எதிர்பார்ப்பை நிறுவனம் தானே குறைத்து அறிவித்ததும், ஏற்கெனவே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்த அந்தப் பங்கு ஒரே நாளில் தன் விலையில் நான்கில் ஒரு பகுதிக்கு மேல் இழந்தது. இப்படிப்பட்ட ஒரு பங்கைச் சிறு முதலீட்டாளர்கள் விவாதிக்கும்போது பேச்சு பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒருவர், "இவ்வளவு விழுந்த பிறகு இனி விழ என்ன இருக்கிறது?" என்கிறார். மற்றவர், "இது பூஜ்யத்துக்குத்தான் போகும்" என்கிறார். இரண்டு பேரும் விலைப்பட்டியலைப் பார்த்துப் பேசுகிறார்களே தவிர, நிறுவனத்தைப் பார்த்துப் பேசவில்லை.

நிறுவனம் ஈட்டும் பணத்தில் பங்குதாரருக்கு முன்பாகக் கை நீட்டும் உரிமை யாருக்கெல்லாம் இருக்கிறது, அவர்கள் எடுத்ததுபோக மிஞ்சுவது எவ்வளவு என்பதை முதலில் கணக்கிட்டுவிட வேண்டும். செயலி நன்றாக இருக்கிறதா, புதிய தலைமை நிர்வாகி கெட்டிக்காரரா என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேச வேண்டியவை. இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு பேசுவதால்தான் நல்ல செயலியை நம்பிப் பணத்தை இழந்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள்.

எதைப் படிப்பது

அமெரிக்கச் சந்தையில் பட்டியலான அமெரிக்க நிறுவனம் எதுவானாலும் அதன் ஆண்டறிக்கையான டென்-கே, காலாண்டறிக்கையான டென்-கியூ, முக்கிய நிகழ்வுகளை நான்கு வேலை நாட்களுக்குள் தெரிவிக்கும் எயிட்-கே ஆகியவை பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிறுவனம் வெளியிடும் செய்திக்குறிப்பு மட்டும் போதாது. அதில் நல்ல எண்கள் முதலில் வரும், கெட்ட எண்கள் அட்டவணைக்குள் ஒதுங்கியிருக்கும். காலாண்டறிக்கையைத் திறந்ததும் நிதிநிலை அறிக்கைகளுக்கான குறிப்புகளில் கடன் பற்றிய குறிப்பைத் தேடிப் படியுங்கள். பிறகு பணப்புழக்க அறிக்கையையும், அதன் பிறகு கட்டணம் செலுத்தும் பயனர்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். மற்றவற்றை நேரம் கிடைக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

கடன்: வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர்கள்

இணைய டேட்டிங் துறையில் கடன் என்ன செய்யும் என்பதை ஃப்ரெண்ட்ஃபைண்டர் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் கதையைப்போல வேறெதுவும் காட்டுவதில்லை. பென்ட்ஹவுஸ் மீடியா குரூப் என்ற பெயரில் இருந்த அந்த நிறுவனம், 2007-இல் அடல்ட் ஃப்ரெண்ட்ஃபைண்டர் தளத்தை நடத்திவந்த வேரியஸ் நிறுவனத்தைச் சுமார் 50 கோடி டாலருக்கு, பெரும்பாலும் கடன் எழுப்பி, வாங்கியது. அந்தக் கடனைக் குறைப்பதற்காகவே பங்கு வெளியிட நினைத்து, 2008 டிசம்பரில் 46 கோடி டாலர் வரை திரட்ட மனுச் செய்தது. காலம் தள்ளிப்போகப்போகத் தொகையும் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் 2011 மே மாதம் 50 லட்சம் பங்குகளைத் தலா 10 டாலருக்கு விற்று வெறும் 5 கோடி டாலர்தான் திரட்ட முடிந்தது. பங்கு முதல் நாளிலேயே வெளியீட்டு விலைக்குக் கீழே இறங்கியது. 2013 செப்டம்பரில் நிறுவனம் திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தின்கீழ் பாதுகாப்புக் கோரியது. மறுசீரமைப்பு முடிந்தபோது பழைய பங்குகள் ரத்தாகிவிட்டன. தளங்கள் ஒருநாளும் மூடப்படவில்லை, சந்தாதாரர்கள் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் பங்குதாரருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "இத்தனை பேர் பயன்படுத்தும் செயலி எப்படிப் பூஜ்யமாகும்?" என்று கேட்பவர்கள், செயலி வாழ்வதும் பங்கு வாழ்வதும் வெவ்வேறு என்பதை இந்த ஒரு வரலாற்றிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இதன் கணக்கு எளியது. ஒரு நிறுவனத்தின் எல்லாப் பங்குகளின் சந்தை மதிப்பு 10 கோடி டாலர், கையிருப்பைக் கழித்த நிகரக் கடன் 40 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சந்தை அந்தத் தொழிலுக்கு மொத்தம் 50 கோடி மதிப்புப் போடுகிறது. தொழிலின் மதிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 40 கோடியானால் முழுத்தொகையும் கடன் கொடுத்தவருக்கே உரியதாகிவிடும், பங்கு பூஜ்யமாகும். அதே மதிப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடினால் பங்கு இரட்டிப்பாகும். விவாதத்தில் இரு தரப்பும் இவ்வளவு உறுதியோடு பேச முடிவதற்கும், இரு தரப்புமே சரியாகிவிட வாய்ப்பிருப்பதற்கும் காரணம் இந்த நெம்புகோல்தான். எனவே "பங்கு மலிவா?" என்று கேட்பதைவிட, "இந்தத் தொழிலின் மதிப்பு 40 கோடிக்குக் கீழே போகுமா?" என்று கேளுங்கள், விவாதம் உடனே தரையில் கால் ஊன்றிவிடும்.

கடன் குறிப்பில் நான்கு விஷயங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ஆண்டில் திருப்ப வேண்டும், வட்டி நிலையானதா சந்தையோடு ஏறி இறங்கும் மிதக்கும் வட்டியா, கடன் கொடுத்தவர் விதித்திருக்கும் நிபந்தனை விகிதம் (லாபத்தோடு ஒப்பிடக் கடன் எவ்வளவு வரை இருக்கலாம் என்பது போன்ற வரம்பு) என்ன, நிறுவனம் இப்போது அந்த விகிதத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது. பிறகு, ஆண்டுக்குச் செலுத்தும் வட்டியைச் செயல்பாடுகளிலிருந்து வரும் ரொக்கத்தோடு ஒப்பிடுங்கள். வட்டிக்கே பாதிக்கு மேல் போகிறது என்றால், நிறுவனம் யாருக்காக உழைக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தணிக்கையாளர் அறிக்கையிலோ குறிப்புகளிலோ, நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயம் இருப்பதாக ஒரு வரி வந்தால், அதைச் சடங்கு வாசகம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

நானும் ஒருமுறை இந்தக் குறிப்பைப் படிக்காமல், விழுந்துகொண்டிருந்த ஓர் இணைய நிறுவனப் பங்கை மேலும் மேலும் வாங்கி ஆவரேஜ் செய்தேன். சராசரி விலை குறைவதைப் பார்த்து மனம் தெம்பானது. அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனம் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் தொகை, எல்லாப் பங்குகளின் சந்தை மதிப்பைப்போல மூன்று மடங்கு என்பதை விற்ற பிறகுதான் படித்தேன். அந்தப் பக்கத்தைப் படிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கட்டணம் செலுத்துவோர் எண்ணிக்கை

டேட்டிங் நிறுவனங்களின் வருமானத்தை மூன்று எண்களைப் பெருக்கியே ஏறத்தாழக் கண்டுபிடித்துவிடலாம். பம்பிள் 2025-இன் இரண்டாம் காலாண்டில் கட்டணம் செலுத்துவோர் சுமார் 38 லட்சம் பேர் என்றும், ஒருவரிடமிருந்து மாதத்துக்குச் சராசரியாக 21.69 டாலர் வருகிறது என்றும் அறிவித்தது. இவற்றை மூன்று மாதத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 24.7 கோடி டாலர் வரும். நிறுவனம் அறிவித்த மொத்த வருமானம் சுமார் 24.8 கோடி. முந்தைய ஆண்டு இதே காலாண்டில் கட்டணம் செலுத்தியவர்கள் சுமார் 41 லட்சம் பேர், வருமானம் சுமார் 26.9 கோடி. ஆளுக்கு வரும் தொகை சற்றே கூடியும் வருமானம் இறங்கியது என்றால், சரிவு ஆட்கள் போனதால் வந்தது, விலையால் அல்ல. இந்தப் பெருக்கலை ஒவ்வொரு காலாண்டும் நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். எந்த எண் இறங்குகிறது என்று தெரியாமல் "வருமானம் குறைந்தது" என்று மட்டும் சொல்வதில் பயனில்லை.

இந்தத் தொழிலுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. செயலி தன் வேலையைச் சரியாகச் செய்தால் வாடிக்கையாளர் துணையைக் கண்டுபிடித்துவிட்டு விலகுகிறார். செய்யாவிட்டால் சலித்துப்போய் விலகுகிறார். ஆகவே வாளியில் ஓட்டை எப்போதும் இருக்கும், மேலிருந்து புதிய நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாதத்துக்குப் பத்து விழுக்காட்டினர் விலகினால், ஆண்டு முடிவில் ஆரம்பத்தில் இருந்த நூறு பேரில் 28 பேர்தான் மிஞ்சுவார்கள். புதியவர்களைக் கொண்டுவருவது விளம்பரச் செலவு. இங்கேதான் சிறு முதலீட்டாளர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம்: விளம்பரத்தை வெட்டினால் லாபம் அந்தக் காலாண்டிலேயே கூடிவிடும், ஆட்கள் குறைவதோ அடுத்தடுத்த காலாண்டுகளில்தான் தெரியும். பம்பிள் 2025-இல் விளம்பரச் செலவைப் பெரிதாகக் குறைத்தபோது, வருமானம் இறங்கியபோதும் சரிசெய்யப்பட்ட லாபம் (வட்டி, வரி போன்றவற்றைக் கழிக்காமல் சொல்லும் லாபம்) உயர்ந்தது. தரமில்லாத பயனர்களை விலக்கி நல்லவர்களைத் தக்கவைக்கும் திட்டம் என்று நிறுவனம் இதற்கு விளக்கம் தந்தது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை மெய்ப்பிக்க வேண்டியது லாபம் அல்ல; கட்டணம் செலுத்துவோரின் எண்ணிக்கை ஓரிடத்தில் வந்து நிற்க வேண்டும். விளம்பரச் செலவு, புதிய பதிவிறக்கம், கட்டணம் செலுத்துவோர் ஆகிய மூன்றையும் குறைந்தது எட்டுக் காலாண்டுகளுக்கு அடுத்தடுத்த நெடுவரிசைகளில் எழுதிப் பார்த்தால், லாபம் உழைப்பிலிருந்து வருகிறதா, விதைநெல்லை விற்பதிலிருந்து வருகிறதா என்பது புலப்படும்.

இருப்புநிலை அறிக்கையில், முன்கூட்டியே வாங்கிய சந்தாத்தொகை ஒரு கடன்பொறுப்பாக நிற்கும். ஆறு மாதச் சந்தாவை இன்று கட்டியவரின் பணம் அங்கேதான் முதலில் சேர்ந்து, பிறகு மாதாமாதம் வருமானமாக மாறுகிறது. வருமானம் நிலையாக இருக்கும்போதே இந்தத் தொகை சுருங்கத் தொடங்கினால், அடுத்த காலாண்டின் செய்தி உங்களுக்கு முன்னதாகவே கிடைத்துவிட்டது என்று பொருள்.

நம்பிக்கையாளர் தரப்பில் வலுவான ஒரு வாதம் செயலிக் கடைகளின் தரகைப் பற்றியது. ஆப்பிளும் கூகுளும் செயலிக்குள் செலுத்தும் கட்டணத்தில் 30 விழுக்காடு வரை எடுத்துக்கொள்கின்றன. 2025 ஏப்ரலில், எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கில், வெளித்தளத்தில் பணம் கட்டும் இணைப்புகளுக்கு ஆப்பிள் தரகு வாங்கக் கூடாது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று உத்தரவிட்டது. டேட்டிங் நிறுவனங்களுக்கு இதில் பெரிய மிச்சம் கிடைக்கக்கூடும். ஆனால் இத்தகைய உத்தரவுகள் மேல்முறையீட்டில் மாறக்கூடியவை என்பதால், அந்த மிச்சத்தை முழுதாகக் கணக்கில் எழுதாமல், அது வந்தால் எவ்வளவு, வராவிட்டால் எவ்வளவு என்று இரண்டு கணக்குகளாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லாபம் என்று அழைக்கப்படுபவை

சரிசெய்யப்பட்ட எபிட்டா என்ற லாபக் கணக்கில் வட்டி கழிக்கப்படுவதில்லை, வரி கழிக்கப்படுவதில்லை, ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுத்த ஊதியமும் கழிக்கப்படுவதில்லை. கடன் நிறைந்த நிறுவனத்தில் வட்டியைக் கழிக்காத லாபத்தை வைத்து வாதாடுவது வீட்டு வாடகையைக் கழிக்காமல் சம்பளத்தைச் சொல்வதைப் போன்றது. செயல்பாட்டு ரொக்கத்திலிருந்து முதலீட்டுச் செலவைக் கழித்து வருவதையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. பம்பிள் 2024-இன் மூன்றாம் காலாண்டில் சுமார் 85 கோடி டாலர் நட்டம் காட்டியதும், ரொக்கம் கரைந்துவிட்டதாகப் பலர் பேசினார்கள். அந்த நட்டம் சுமார் 89 கோடி டாலர் மதிப்புக் குறைப்பால் வந்தது. பெட்டியிலிருந்து அவ்வளவு பணம் வெளியே போகவில்லை. ஆனால் முன்பு ஏடுகளில் ஏற்றியிருந்த மதிப்பை இன்றைய எதிர்பார்ப்பு தாங்காது என்று நிறுவனமே ஒப்புக்கொள்கிறது என்ற அளவில் அதற்குப் பொருள் உண்டு.

யார் கையில் வாக்கு

பங்குகளின் வகைகளையும் வாக்குரிமையையும் பற்றிய பகுதியைப் பாருங்கள். நிறுவனரும் தனியார் முதலீட்டு நிதியும் வாக்குரிமையைப் பெரும்பாலும் வைத்திருக்கும் இடத்தில், அவர்கள் குறைந்த விலைக்கு நிறுவனத்தை முழுதாக வாங்கிக்கொள்ள முன்வந்தால் உங்கள் கருத்துக்கு எடை இருக்காது. இன்னொன்றையும் தேடுங்கள்: பட்டியலுக்கு முன்பிருந்த உரிமையாளர்களுக்கு, நிறுவனத்துக்குக் கிடைக்கும் சில வரிச் சேமிப்பில் 85 விழுக்காட்டைத் தர வேண்டும் என்ற ஒப்பந்தம். பம்பிளுக்கு அப்படி ஒன்று இருந்தது. 2025-இல் அதைப் பணம் கொடுத்து முடித்துக்கொள்ள முடிவெடுத்தது. கடன் குறிப்பை மட்டும் படித்தவர்கள் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

விலை 1 டாலருக்குக் கீழே தொடர்ந்து 30 வேலை நாட்கள் முடிவடைந்தால் நாஸ்டாக் குறைபாட்டு அறிவிப்பு அனுப்பும். சரிசெய்ய வழக்கமாக முதலில் 180 நாட்கள் தரப்படும். அதற்குள் நிறுவனம் பத்துப் பங்கை ஒன்றாக்கி விலையை உயர்த்திக் காட்டலாம். விலை உயர்ந்ததாகத் தோன்றினாலும் உங்கள் பங்களவு மாறுவதில்லை. அதைத் தொடர்ந்து புதிய பங்கு வெளியீடு வந்தால்தான் அது உண்மையில் கரையும்.

விவாதத்தில் உட்காருவது

வாங்கியவரும் விற்றவரும் ஒரே காலாண்டறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பேசுபவரிடம் அவர் எத்தனை பங்கு, எந்த விலைக்கு வைத்திருக்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. கையில் வைத்திருப்பவர் நல்ல செய்தியைப் பெரிதாகக் கேட்பதும், விலை சரியும் என்று பந்தயம் கட்டியவர் கெட்ட செய்தியைப் பெரிதாகக் கேட்பதும் மனித இயல்பு. புதிய தலைமை நிர்வாகி வந்த செய்தியைக் கேட்டு உடனே வாங்கவும் வேண்டாம். பம்பிளில் 2024 தொடக்கத்தில் ஒருவர் பொறுப்பேற்றார், 2025 மார்ச்சில் நிறுவனர் விட்னி வுல்ஃப் ஹெர்ட் திரும்பி வந்தார். இரண்டு மாற்றங்களையும் தொடர்ந்து முப்பது விழுக்காடு அளவிலான ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது. ஆட்குறைப்பு செலவைக் குறைக்கும். பயனர்களைத் திருப்பிக் கொண்டுவராது.

வாங்குவதென்று முடிவெடுத்தால், முழுதாகப் போனாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் ஒரே முறை ஒதுக்குங்கள். விலை இறங்கியது என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கூட்ட வேண்டாம். அடுத்த காலாண்டறிக்கையின் தேதியையும், அன்று கட்டணம் செலுத்துவோர் எத்தனை பேருக்குக் கீழே இருந்தால் விற்றுவிடுவீர்கள் என்ற எண்ணையும், நிகரக் கடன் எவ்வளவைத் தாண்டினால் விற்றுவிடுவீர்கள் என்ற எண்ணையும் வாங்கும் முன்பே ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை விவாதத்தில் உங்களோடு மாறுபடுபவரிடம் கொடுத்து வையுங்கள். அறிக்கை வரும் நாளில் அவர் அதை எடுத்துப் படிக்கட்டும்.