பூஜ்யம் வேறு, வெற்றுக் கட்டம் வேறு: நிலக்கரித் தரவை வரைபடமாக்குவது எப்படி?

நிலக்கரியைத் தேடி நிலத்தில் இட்ட துளைகளின் தரவு கைக்கு வந்ததும் வண்ண வரைபடம் போட அவசரப்படாதீர்கள். முதல் நாளை நான் அட்டவணைக்கே கொடுத்துவிடுவேன்.

முதலில் துளைகளைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளிகளாக ஏற்றி, செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில், ஒரே அளவு விலகி நின்றால் ஆயத்தொலை அமைப்பை (இடங்களை எண்களால் குறிக்கும் முறையை) தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள். ஒன்று மட்டும் எங்கோ நின்றால் தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். பிறகு பாகை அளவிலிருந்து யூடிஎம் போன்ற மீட்டர் அமைப்புக்கு மாற்றுங்கள். பரப்பளவைப் பாகையில் கணக்கிட முடியாது.

அடுத்தது தடிமன். நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான். படுகை, அதாவது கரி அடுக்கு, இருக்கவேண்டிய ஆழத்தைத் தாண்டித் துளையிட்டும் கரி இல்லை என்றால் அங்கே தடிமன் 0. துளை அந்த ஆழத்தை எட்டாமலே நின்றுவிட்டால் அது 0 அல்ல. கட்டம் வெறுமையாகத்தான் இருக்கவேண்டும். ஒருமுறை என் வரைபடத்தில் நல்ல படுகையின் நடுவே வட்டமாக ஒரு பள்ளம் விழுந்தது. ஒரு நாள் முழுக்க அதை நிலவியல் அமைப்பு என்றே நம்பியிருந்தேன். துளைப் பதிவைப் பிரித்துப் பார்த்தால், படுகைக்கு மேலேயே நிறுத்தப்பட்ட துளை அது. யாரோ 0 என்று நிரப்பியிருந்தார்கள். அதனால், ஒவ்வொரு 0-வையும் துளையின் இறுதி ஆழத்தோடு ஒப்பிடுங்கள். வெற்று வரிகளை வடிகட்டிய பிறகே இடைக்கணிப்பு செய்யுங்கள், அதாவது துளைகளுக்கு இடைப்பட்ட இடங்களின் மதிப்பைக் கணியுங்கள்.

பிளவுப்பெயர்ச்சி (பாறை முறிந்து ஒரு பக்கம் இடம்பெயர்ந்த இடம்) இருந்தால் படுகையின் மேல்மட்ட உயரத்தை இரு பக்கமும் தனித்தனியாகக் கணியுங்கள். சேர்த்துக் கணித்தால், பாறை முறிந்த இடத்தில் மென்பொருள் மெல்லிய சரிவை வரைந்துவிடும்.

இருப்புக் கணக்கு எளிது: பரப்பு, தடிமன், அடர்த்தி மூன்றையும் பெருக்கவேண்டும். 100 ஹெக்டேரில் 2 மீட்டர் படுகை, அடர்த்தி கன மீட்டருக்கு 1.32 டன் என்றால் 26.4 லட்சம் டன். சாய்ந்த படுகையில் செங்குத்துத் தடிமனை வரைபடப் பரப்போடு பெருக்குங்கள். உண்மைத் தடிமன் என்றால் சரிவுப் பரப்போடு. இரண்டையும் கலக்கக்கூடாது.

கடைசியாக, துளைகளைச் சுற்றி வளையங்கள் போடுங்கள்; துளையிலிருந்து விலக விலகக் கணக்கின் நம்பகம் குறையும். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் 1983 முறைப்படி 0.4 கிலோமீட்டர் வரை அளவிடப்பட்ட வளம், 1.2 வரை சுட்டப்பட்டது, 4.8 வரை ஊகிக்கப்பட்டது. அதற்கு வெளியே வரும் வண்ணத்தை நான் வெட்டி எடுத்துவிடுகிறேன், படம் எத்தனை அழகாக இருந்தாலும்.