போர்னோஷான்ஷாடா படங்களில் பெண்கள்: எழுதுவோர் வழுக்கும் இடங்கள்

முதல் வழுக்கல் பெயரிலேயே இருக்கிறது. ‘போர்னோ’ என்று தொடங்குவதால் 1970-களின் இந்த பிரேசில் படங்களை நீலப்படம் என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஷான்ஷாடா’ என்பது ரியோவின் அட்லான்டிடா போன்ற ஸ்டுடியோக்கள் ஒரு காலத்தில் எடுத்துத் தள்ளிய பாட்டும் கூத்துமான நகைச்சுவைப் படம். அதன் வாரிசுகள்தான் இவை: இரட்டை அர்த்த வசனம், அரைகுறை ஆடை, ஆள்மாறாட்டம். உடலுறவை அப்பட்டமாகக் காட்டிய முதல் பிரேசில் முழுநீளப் படமான ‘கோய்சாஸ் எரோட்டிகாஸ்’ 1982-இல்தான் வந்தது.

இதை மறந்தால் அடுத்த தவறு தானாக வரும்: நடிகைகளே அப்படிப்பட்ட காட்சிகளில் நடித்ததாக எழுதிவிடுவது. நடிகைகளுக்குப் பெரிய அநியாயம் செய்வதும் அதுதான். உடலுறவை அப்பட்டமாகக் காட்டும் ஹார்ட்கோர் படங்களுக்குக் கூட்டம் சேர்ந்ததும், சில தயாரிப்பாளர்கள் பழைய படங்களில் வேறு ஆட்களை வைத்து எடுத்த காட்சிகளைச் செருகி மறுபடி ஓட்டினார்கள். இன்று கையில் கிடைப்பது அந்த ஒட்டுப்போட்ட பிரதியாகவும் இருக்கலாம். திடீரென்று முகமே தெரியாத நெருக்கக் காட்சி, மாறிவிடும் சுவர் நிறம், வேறு வெளிச்சம், தொடர்பில்லாத இசை ஆகியவை தெரிந்தால் நிறுத்திப் பாருங்கள். முதல் வெளியீட்டின் ஓடும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். எதிர்க்கோளாறும் உண்டு: தணிக்கை வெட்டிய பிரதியில் வசனம் பாதியில் அறுந்து, நாயகி ஏன் அழுகிறாள் என்றே புரியாது. தணிக்கைத் துறையின் கோப்புகள் பிரேசிலியாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வெட்டு விவரத்தை அங்கே தேடலாம். போஸ்டரை வைத்துப் படத்தை எடைபோடவே வேண்டாம். பெனிசியோ போன்ற ஓவியர்கள் வரைந்த போஸ்டர், படத்தில் இல்லாததையும் விற்கும்.

நிர்வாணம் வந்த படத்தையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டுவதும் தவறு. சோனியா பிராகா நடித்து ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்த ‘டோனா ஃப்ளோர்’ (1976), ஜோர்ஜ் அமாடோவின் நாவலிலிருந்து வந்தது. அரசு நிறுவனமான எம்பிராஃபில்மி விநியோகித்தது. சாவோ பாவ்லோவின் போக்கா டோ லிஷோ தெருக்களில் சொற்பக் காசில் எடுத்த படங்களின் கணக்கு வேறு. உள்ளூர்ப் படங்களை ஆண்டுக்கு இத்தனை நாள் திரையிட்டே ஆகவேண்டும் என்ற சட்டம் அவற்றுக்குத் தியேட்டர் பிடித்துக் கொடுத்தது.

கன்னி, விதவை, வேலைக்காரப் பெண், முலாட்டா (கலப்பினப் பெண்) என்று அச்சில் வார்த்த பாத்திரங்கள் நிறைய உண்டு, மறுக்க முடியாது. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1969-இன் பிரேசில் அழகி வேரா ஃபிஷர் நடித்த ‘ஆ சூப்பர் ஃபேமியா’வில் (1973) விற்கப்போவது ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை. ஆண்மை போய்விடுமோ என்று ஆண்கள் நடுங்க, அந்தப் பயத்தைப் போக்கத்தான் விளம்பரத்துக்கு ஓர் அழகியைத் தேடுகிறார்கள். கேமரா அவள் உடம்பை மேய்கிறது. கதை அவர்களின் பயத்தைக் கிண்டலடிக்கிறது. ஒன்றை மட்டும் எழுதினால் பாதிப் படம்தான். கறுப்பினப் பெண்களின் சித்திரிப்பில், கதை ஆண்களைக் கிண்டலடிக்கும் இந்தச் சலுகையும் அதிகம் கிடைக்காது. அடிமைப் பெண் ஒருத்தியின் கதையைச் சொல்லி, மதிப்பான படமென்று பெயர் வாங்கிய ‘ஷீக்கா டா சில்வா’வையே (1976) கறுப்பின வரலாற்றாசிரியர் பியாட்ரிஸ் நாசிமென்டோ கடுமையாக விமர்சித்தார்.

அன்றைய பிரேசிலைப் பற்றி, ‘ராணுவ ஆட்சி சதையைக் காட்டி மக்களை மயக்கியது’ என்பது எளிதில் கைதட்டல் வாங்கும் வாக்கியம். அதே ஆட்சிதான் 1970 ஜனவரியில் ஒழுக்கத்தின் பெயரால் புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் முன்தணிக்கை ஆணை போட்டது. எதை விட்டார்கள், எதைப் பிடித்தார்கள் என்று பாருங்கள். பெண்களைத் துரத்தும் ஆணின் கதை, வெட்டுப்பட்டாலும் தியேட்டருக்கு வந்தது. டெரேசா ட்ராவுட்மன் என்ற பெண் இயக்கிய ‘ஓஸ் ஓமென்ஸ் கே எவு டிவே’வில் (1973) மணமான ஒருத்திக்குக் காதலர்கள் இருக்கிறார்கள். அவளுக்குக் குற்றவுணர்வு இல்லை, கதையும் அவளைத் தண்டிப்பதில்லை. ஓடிக்கொண்டிருந்த படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்தார்கள். 1980 வரை அது பெட்டியில் கிடந்தது.